யாரோடு யாரை ஒப்பிடுவது?
அமெரிக்கச் சார்ட்டர் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நினைவுச் சொற்பொழிவு என்றால் நம் மண்ணின் வரலாற்றைப் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் பள்ளிக்கூட வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு முன்னோடி உண்டு. 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார். தீண்டப்படாதோரின் நிலையும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலையும் ஒத்திருப்பதால், அவர்களைப் பற்றிப் படிப்பது அவசியம் என்பது அவர் கருத்து. அந்தப் படிப்பை நாம் தொடர்கிறோம்.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன? நடத்துவதற்கு அரசு பணம் தரும். பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. ஆனால் பள்ளியை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த கல்வி வாரியம் அல்ல. ஒரு அமைப்போ அறக்கட்டளையோ அரசிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நடத்தும். ஆசிரியர் நியமனம், பாட வேளை, ஒழுங்கு விதிகள் எல்லாவற்றிலும் அதற்குச் சுதந்திரம் உண்டு. பதிலுக்கு, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்று தேர்வு முடிவில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகலாம். 1991-இல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு செயிண்ட் பால் நகரில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. இன்று சுமார் 37 லட்சம் பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளில் படிக்கிறார்கள். பெருநகரங்களில் இவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள்.

இந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள் நன்றாகப் படிக்கிறார்களா, அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களா? முப்பது ஆண்டுகளாக நடக்கும் வாதம் இது. விடையைச் சொல்லும் முன், கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1. மூன்று ஊற்றுகள்

‘பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை’ என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் ஒரு கறை படிந்த வரலாறு உண்டு. 1951 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில், மோட்டன் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். தலைமை தாங்கிய பார்பரா ஜான்ஸுக்கு வயது 16. அந்தப் போராட்டத்தில் பிறந்த வழக்கும் சேர்ந்துதான் 1954-இன் புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பு வந்தது. பொதுப் பள்ளிகளில் இனப் பிரிப்பு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

மாவட்டத்தை ஆண்ட வெள்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1959-இல் எல்லாப் பொதுப் பள்ளிகளையும் இழுத்துப் பூட்டினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்றை எழுப்பினார்கள். அங்கே கட்டணம் கட்ட அரசுப் பணமே உதவித்தொகையாகப் போனது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டுகள் பள்ளியே இல்லை. 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. தெற்கில் வேறு பல ஊர்களில் ‘தேர்வுச் சுதந்திரம்’ என்ற பெயரிலேயே திட்டங்கள் போட்டு, பிரிவினையை அப்படியே காப்பாற்றினார்கள். இது முதல் ஊற்று.

இரண்டாவது ஊற்று கறுப்பின மக்களுடையது. 1968-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் என்ற வட்டாரத்தில், எங்கள் பிள்ளைகளின் பள்ளியை நாங்களே நிர்வகிப்போம் என்று பெற்றோர் எழுந்தார்கள். பரிசோதனையாக அவர்களுக்கு ஒரு வட்டார வாரியம் கிடைத்தது. அது சில ஆசிரியர்களை இடமாற்றம் செய்தது. பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட ஆசிரியர் சங்கம் நகரம் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சுமார் பத்து லட்சம் பிள்ளைகளின் படிப்பு நின்றது. வட்டார வாரியம் தோற்றது. சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆல்பர்ட் ஷாங்கர்.

இருபது ஆண்டு கழித்து, 1988-இல், சார்ட்டர் என்ற கருத்தை நாடறியச் செய்தவரும் இதே ஷாங்கர்தான். ஆசிரியர்கள் கூடிப் புது முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகளாக அவர் அவற்றைக் கற்பனை செய்தார். இது மூன்றாவது ஊற்று. சில ஆண்டுகளிலேயே தம் கருத்து தனியார்மயத்தின் கைக்குப் போய்விட்டது என்று கண்டு அவர் விலகிக்கொண்டார்.

வெள்ளை மேலாதிக்கத்தின் தந்திரம், கறுப்பின மக்களின் சுயநிர்ணய வேட்கை, ஆசிரியர்களின் சோதனைக் கனவு: இந்த மூன்றும் ஒரே ஆற்றில் கலந்திருக்கின்றன. ஆகவே சார்ட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டுவதும் தவறு, காறித் துப்புவதும் தவறு.

2. எண்களின் போர்

2004-இல் ஷாங்கர் தலைமை வகித்திருந்த அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. தேசியத் தேர்வில் சார்ட்டர் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. உடனே ஆய்வாளர்கள் பலர் கையெழுத்திட்டு அதே நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். சார்ட்டர் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஏற்கெனவே பின்தங்கியவர்கள். ஒரு நாள் மதிப்பெண்ணை வைத்துப் பள்ளியை எடைபோடக் கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். இதே நியாயத்தை அரசுப் பள்ளிகளுக்கும் தர வேண்டும் என்பதைத்தான் பலர் வசதியாக மறந்தார்கள்.

பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் வேறு வழியில் போனது. சார்ட்டர் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அதே இனம், அதே வறுமை நிலை, அதே முந்தைய மதிப்பெண் கொண்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி எடுத்து, அந்தப் பதிவுகளைச் சேர்த்து ஒரு ‘இரட்டையர்’ போல ஆக்கி ஒப்பிட்டார்கள். 2009-இல் முடிவு வந்தது. கணிதத்தில் 17 சதவீதச் சார்ட்டர் பள்ளிகள் அரசுப் பள்ளிகளைவிடச் சிறந்திருந்தன. 46 சதவீதத்தில் வித்தியாசம் இல்லை. 37 சதவீதம் மோசம்.

2013-இல் மறுபடி ஆய்ந்தபோது நிலைமை சற்று மாறியிருந்தது. கணிதத்தில் 29 சதவீதம் மேல், 31 சதவீதம் கீழ், மீதி சமம். 2023-இல் சார்ட்டர் பிள்ளைகள் ஓர் ஆண்டில் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் அளவுக்குக் கூடுதலாகக் கற்கிறார்கள் என்றது அதே மையம். ‘நாள்’ என்பது பள்ளி நடந்த நாள் அல்ல. மதிப்பெண்ணில் உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தை நாள் கணக்காக மாற்றிச் சொல்லும் முறை. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும், உள்ளே பார்த்தால் சிறிது.

இந்தச் சராசரிகளுக்குள்தான் விஷயம் ஒளிந்திருக்கிறது. 2013 ஆய்வில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பார்த்தால், சார்ட்டர் பள்ளியில் வாசிப்பில் 29 நாள், கணிதத்தில் 36 நாள் முன்னேற்றம். மறுபக்கம், கணினித் திரை வழியாக மட்டும் நடக்கும் இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளில் படித்தோர், 2023 ஆய்வின்படி வாசிப்பில் 58 நாளும் கணிதத்தில் 124 நாளும் பின்தங்கினர். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே பெயர். ஆகவே ‘சார்ட்டர் நல்லதா, கெட்டதா’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. எந்த ஊரில், யாருக்கு, யார் நடத்தும் பள்ளி என்று கேட்டால்தான் விடை வரும்.

3. குலுக்கல் சொன்னது

‘இரட்டையர்’ முறையில் ஒரு ஓட்டை உண்டு. மதிப்பெண்ணும் வறுமையும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, அலைந்து பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரின் முனைப்பை எந்தப் பதிவேடும் காட்டாது. பள்ளி செய்ததா, பெற்றோர் செய்ததா?

இதற்கு விடை குலுக்கலில் கிடைத்தது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சார்ட்டர் பள்ளிகள் குலுக்கல் நடத்த வேண்டும். வென்ற பிள்ளையின் பெற்றோரும் தோற்ற பிள்ளையின் பெற்றோரும் விண்ணப்பித்தவர்கள்தானே? இருவரையும் ஒப்பிட்டால் பள்ளியின் பங்கு தெரிந்துவிடும். அமெரிக்க அரசின் கல்வித் துறைக்காக 2010-இல் முடிந்த ஆய்வு, 15 மாநிலங்களில் 36 நடுநிலைச் சார்ட்டர் பள்ளிகளை இப்படிப் பார்த்தது. சராசரியாக வாசிப்பிலும் கணிதத்திலும் வித்தியாசமே இல்லை. ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் நன்மை இருந்தது. வசதியான பிள்ளைகளுக்குப் பாதகம் இருந்தது. பாஸ்டன் நகரக் குலுக்கல் ஆய்வுகளில் ஏழைப் பிள்ளைகளின் முன்னேற்றம் மிகப் பெரிது. அதே மாநிலத்தின் நகர்ப்புறம் அல்லாத சார்ட்டர் பள்ளிகளில் மதிப்பெண் குறையத்தான் செய்தது.

இதை நாம் ஒளிவுமறைவின்றி ஏற்க வேண்டும். நகரத்துச் சேரிகளில், சில சார்ட்டர் பள்ளிகள், கறுப்பின ஏழைப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கணக்கும் வாசிப்பும் கற்றுத் தந்தன. நீண்ட பள்ளி நேரம், தனிக் கவனிப்பு, பிள்ளை படிக்கும் என்ற நம்பிக்கை ஆகியவை அவற்றின் வழிமுறைகள். தனியார்மயத்தை எதிர்க்கிறோம் என்பதற்காக ஒரு கறுப்பினத் தாயின் பிள்ளை படித்ததை மறுக்க நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் குலுக்கலும் முழு உண்மையைச் சொல்வதில்லை. விண்ணப்பமே போடாத பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. குலுக்கல் நடத்தும் அளவுக்குக் கூட்டம் வராத பள்ளியும் இல்லை. அதாவது பேர்பெற்ற பள்ளிகளும் முனைப்புள்ள குடும்பங்களும்தான் அளக்கப்பட்டன.

மதிப்பெண் வாழ்க்கையாக மாறுகிறதா என்ற கேள்வியும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தில் சார்ட்டர் மாணவர்களை வேலைக்குப் போகும் வயதுவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, கண்டிப்பு மிக்க சார்ட்டர் பள்ளிகள் மதிப்பெண்ணையும் கல்லூரிச் சேர்க்கையையும் உயர்த்தின, ஆனால் சம்பளத்தில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை என்றது. மற்ற சார்ட்டர் பள்ளிகளில் படித்தோரின் சம்பளம் குறைந்தே இருந்தது. தேர்வுக்குப் பழக்குவதும் கல்வியும் ஒன்றா என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

4. பட்டியலில் இல்லாதவர்கள்

தேர்ச்சி விகிதம் ஒரு பின்னம். தொகுதியைக் கூட்டினாலும் விகிதம் ஏறும், பகுதியைக் குறைத்தாலும் ஏறும். சோர்ந்து நிற்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியேற்றி, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று பதாகை கட்டும் பள்ளிகளை நம் ஊரிலும் பார்த்தவர்கள்தானே நாம்.

நியூயார்க்கில் மிக உயர்ந்த மதிப்பெண் காட்டும் சார்ட்டர் குழுமம் சக்சஸ் அகாடமி. 2006-இல் ஹார்லெமில் தொடங்கியது. 2015-இல் அதன் புரூக்ளின் கிளை ஒன்றில், ‘போயாக வேண்டியவர்கள்’ என்று 16 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அவர்களில் 9 பேர் பின்னர் வெளியேறியிருந்தார்கள். பட்டியல் போட்டது தவறு, அது உடனே திருத்தப்பட்டது என்று குழுமத்தின் தலைவர் சொன்னார். இன்னொன்றும் உண்டு. நான்காம் வகுப்புக்குப் பிறகு காலியாகும் இடங்களில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்பது அக்குழுமத்தின் வழக்கமாக இருந்தது. அரசுப் பள்ளிக்கு இந்த வசதி கிடையாது. ஆண்டின் நடுவில் வீடிழந்து வரும் பிள்ளைக்கும், ஆங்கிலம் தெரியாமல் வரும் பிள்ளைக்கும், வேறு பள்ளி வெளியே தள்ளிய பிள்ளைக்கும் அது கதவைத் திறந்தே ஆக வேண்டும். யாரையும் மறுக்காத பள்ளியையும் சிலரை மறுக்கக்கூடிய பள்ளியையும் ஒரே தராசில் வைக்கும்போது, தராசே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

5. நியூ ஆர்லியன்ஸ்: ஒரு நகரமே சோதனைக் கூடமானபோது

1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, கூட்டாட்சிக் காவலர்கள் சூழ நுழைந்தாள். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியருடன் அவள் தனியாகப் படித்தாள். பின்னர் வெள்ளையர்கள் நகரப் பள்ளிகளை விட்டே பெருமளவில் போனார்கள். பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளுடையவை ஆயின. பணமும் கவனமும் அவற்றை விட்டு விலகின. பள்ளிகள் நொடிந்தன.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது. நகரம் மூழ்கியது. மக்கள் திசைக்கொருவராகச் சிதறிக் கிடந்த நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு, நகரத்தின் பெரும்பாலான பள்ளிகளை உள்ளூர் வாரியத்திடமிருந்து பறித்துக்கொண்டது. ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 7,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அதிலும் பெண்கள். நகரத்தின் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பு அவர்கள். வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் வென்று, 2014-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். புயலுக்கு முன் ஆசிரியர்களில் 71 சதவீதம் கறுப்பினத்தவர். 2014-இல் 49 சதவீதம்.

பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சார்ட்டர் ஆயின. 2019 வாக்கில் ஏறத்தாழ முழு நகரமும் சார்ட்டர். முடிவு? துலேன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹாரிஸும் குழுவினரும் நீண்ட ஆய்வு செய்தார்கள். மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. உயர்நிலைப் படிப்பை முடிப்போரும் கல்லூரியில் சேர்வோரும் பெருகினார்கள். ஏழைகள் நகரத்துக்குத் திரும்பி வராததால்தான் மதிப்பெண் ஏறியது என்ற ஐயத்தையும் சோதித்தார்கள். அது சிறு பகுதியை மட்டுமே விளக்கியது. முன்னேற்றம் உண்மை.

அதே குழுவின் இன்னொரு கணக்கையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கான செலவு, ஒப்பிடத்தக்க பிற மாவட்டங்களைவிட 13 சதவீதம் கூடியது. நிர்வாகச் செலவு 66 சதவீதம் ஏறியது. கற்பித்தலுக்கான செலவு 10 சதவீதம் குறைந்தது. பழைய கறுப்பின ஆசிரியர்கள் போய், அனுபவம் குறைந்த இளையவர்கள் வந்ததும் அதற்கு ஒரு காரணம். தொடக்க ஆண்டுகளில் உடற்குறையுள்ள பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கிறார்கள் என்று 2010-இல் வழக்கு வந்தது. சமரச உடன்பாட்டின்படி கண்காணிப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. 2012-இல் நகரத்துக்குப் பொதுச் சேர்க்கை முறை வந்தது. 2018-இல் பள்ளிகள் மீதான மேற்பார்வை மீண்டும் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்திடம் வந்தது. 2024-இல் வாரியமே நேரடியாக நடத்தும் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. உணவகம் நடத்தி, குடியுரிமைப் போராளிகளுக்குச் சோறு போட்ட லியா சேஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ரூபி பிரிட்ஜஸ் தனியாகப் படித்த கட்டடத்தில் இன்று இருப்பது ஒரு சார்ட்டர் பள்ளி.

மதிப்பெண் ஏறியது உண்மை. கறுப்பின ஆசிரியர்களின் தலைமுறை ஒன்று தூக்கி எறியப்பட்டதும் உண்மை. முதல் வரியை மட்டும் படிப்பவர்கள் கல்விச் சீர்திருத்தவாதிகள். இரண்டாம் வரியை மட்டும் படிப்பவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். நமக்கு இரண்டும் வேண்டும். பிரவுன் தீர்ப்புக்குப் பிறகும் இதுதான் நடந்தது. கறுப்பினப் பள்ளிகளை மூடி, பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சீர்திருத்தத்தின் விலையை ஒவ்வொரு முறையும் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

6. கறுப்பினத்துக்குள்ளேயே நடந்த வாதம்

2016-இல், டுபாய்ஸ் நிறுவனர்களில் ஒருவராக இருந்த என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு, பொறுப்புக்கூறலும் வெளிப்படைத்தன்மையும் உறுதியாகும்வரை புதுச் சார்ட்டர் பள்ளிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. கறுப்பினக் கல்வித் தலைவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். அந்தப் பக்கத்தின் முக்கியமான பெயர் ஹோவர்டு ஃபுல்லர். 1969-இல் மால்கம் எக்ஸ் விடுதலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய போராளி. பின்னாளில் மில்வாக்கி நகரப் பொதுப் பள்ளிகளின் தலைவர். பணக்காரனுக்கு எப்போதும் தேர்வுரிமை இருக்கிறது, ஏழைக் கறுப்பினத்தவனை மட்டும் ஏன் தோற்ற பள்ளியில் கட்டிப்போடுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. சுலபமாகத் தட்டிவிடக்கூடிய கேள்வி அல்ல அது.

டுபாய்ஸ் 1935-இலேயே கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளிகள் தேவையா என்று ஒரு கட்டுரை எழுதினார். கலப்புப் பள்ளியா, தனிப் பள்ளியா என்பதைவிட, பிள்ளையை மனிதராக மதித்துச் சொல்லித்தரும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே முதன்மை என்பது அவர் வாதத்தின் சாரம். வெறுப்போடு நடத்தும் கலப்புப் பள்ளியைவிட, அன்போடு நடத்தும் தனிப் பள்ளி மேல் என்றார். சார்ட்டர் வாதத்தில் இரு தரப்பும் மறந்த அளவுகோல் இது.

7. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நமக்குப் பக்கத்திலேயே இத்தகைய ஒப்பீடு நடந்திருக்கிறது. ஆந்திரக் கிராமங்களில் 2008-இல் தொடங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் மூலம் தனியார் பள்ளிக் கட்டணம் வழங்கி, நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோரின் ஆய்வு அது. தெலுங்கிலும் கணிதத்திலும் குலுக்கலில் வென்ற பிள்ளைகளுக்கும் தோற்ற பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளிகள் சொல்லித்தந்த ஹிந்தியில் மட்டும் வென்ற பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். தனியார் பள்ளியின் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ‘அதே படிப்பு, மூன்றில் ஒரு பங்கு செலவு, அரசுப் பள்ளி எதற்கு?’ என்று ஒருவர் இதை வாசிக்கலாம். ‘பணம் கட்டினால் படிப்பு வரும் என்ற நம்பிக்கை பொய், அந்தச் சிக்கனம் ஆசிரியரின் வயிற்றில் அடித்து வந்தது’ என்று நாம் வாசிக்கலாம். எண் ஒன்றுதான். வாசிப்பவரின் இடம் வேறு.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கு நம் மாநிலத்திலும் விண்ணப்பம் மிகும்போது குலுக்கல் நடக்கிறது. வென்ற பிள்ளையின் படம் செய்தித்தாளில் வரலாம். தோற்ற பிள்ளை எந்தப் பள்ளிக்குத் திரும்பியது, அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று எழுதுவார் இல்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பிற பள்ளிகளோடு அருகருகே அச்சிட்டு, நம் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லாமல் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் முன் ஒரு பள்ளி ஒப்பீடு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே வரும்போது இந்தப் பிள்ளைகள் எங்கிருந்தார்கள்? வழியில் வெளியேறியவர்கள் யார், அவர்களை ஏற்றுக்கொண்ட பள்ளி எது? இந்த முடிவுக்காக வேலையையும் அதிகாரத்தையும் குரலையும் இழந்தவர்கள் யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் ஆய்வை, அது நமக்குப் பிடிக்காத முடிவைச் சொன்னாலும் ஏற்போம். பதில் சொல்லாததை, அது நம் தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும் ஒதுக்குவோம்.

சார்ட்டர் பள்ளிகளில் சில நிரூபித்தது ஒன்று உண்டு. ஏழைக் கறுப்பினப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்ற இனவாதப் பொய்யை அவை பாடம் நடத்திக் காட்டி உடைத்தன. நேரமும் கவனமும் நம்பிக்கையும் கொடுத்தால் பிள்ளை படிக்கும். அப்படியானால் அந்த நேரத்தையும் கவனத்தையும் நம்பிக்கையையும் குலுக்கலில் வென்ற பிள்ளைக்கு மட்டும் ஏன் தர வேண்டும்? யாரையும் திருப்பி அனுப்பாத பள்ளியில், எல்லாப் பிள்ளைக்கும் அதைக் கேட்பதே நம் கோரிக்கை. சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் நடந்து வரும் கடைசிப் பிள்ளைக்கு அது கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய்பீம்.